கஞ்சித்தொட்டி முதல் சாம்பார் சாதப் பொட்டலம் வரை: தமிழகத்தின் பேரிடர்க்கால உணவுதவியும் ‘தகுதி’ என்னும் கேள்வியும்

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழகத்தில் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் பொதுமுடக்கம். அதன் பின் வந்த வாரங்களில் நாளிதழ்கள் நாள்தோறும் ஓர் ஈகைச் செய்தியை வெளியிட்டன. மதுரையில் முடிதிருத்தகம் நடத்தும் ஒருவர், மகளின் படிப்புக்கென்று சேர்த்த ஐந்து லட்சம் ரூபாயை அரிசி, பருப்பாக மாற்றி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார். கோவை வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றுவந்த பாட்டி, உளுந்து விலை ஏறிய அந்த நாள்களிலும் விலையை உயர்த்த மறுத்தார். தெருமுனைகளில் கபசுரக் குடிநீர் அண்டாக்கள் கொதித்தன.

இவை பெரும்பாலும் தனிமனித நற்குணத்தின் கதைகளாகவே எழுதப்பட்டன. அந்த நற்குணம் மெய்யானது. அதைக் குறைத்துச் சொல்ல இங்கு ஏதுமில்லை. ஆனால் இலட்சக்கணக்கானோர் அந்த மாதங்களில் பட்டினியிலிருந்து தப்பியதற்கு, இந்த மண்ணில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பொது அடுப்புகள் முக்கியக் காரணம். ஒவ்வோர் அடுப்பையும் முந்தைய ஒரு பேரிடரோ, நெடுநாள் வறுமையோ மூட்டிவிட்டுப் போயிருந்தது. அந்த அடுப்புகளின் வரலாற்றை, உணவு பெறுபவர்மேல் கொடுப்பவர் வைத்த நிபந்தனைகளின் வரலாறாக வாசிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் வாதம். உண்ண வருபவரிடம் என்ன கேட்கப்பட்டது? எந்தச் சாதி, எவ்வளவு உழைப்பு, எந்த அட்டை?

சென்னையில் இந்த வரலாறு ராயபுரம் அருகே தொடங்குகிறது. 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடிக் (ஆர்க்காடு) பகுதிக்குள் நுழைந்ததும் ஊர்ப்புற மக்கள் கோட்டையை நாடித் திரண்டு வந்தனர். பயிர் அழிந்து பஞ்சம் சூழ்ந்த 1782இல், வந்தவர்களுக்குக் கஞ்சி வார்க்க ஓரிடம் அமைந்தது. அதுவே மணியக்காரர் சத்திரம். கஞ்சி குடிக்க வந்தவர்களில் பலர் நோயுற்றிருந்ததால், பிற்பாடு மருத்துவமும் அங்கேயே சேர்ந்துகொண்டது. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் இதுதான். வடசென்னையின் மூத்தவர்கள் இன்றும் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்கிறார்கள். பசிக்கும் நோய்க்கும் ஒரே முற்றத்தில் இடம் தந்த அந்த ஏற்பாட்டைப் பிற்காலத்து அரசுகள் இரு துறைகளாகப் பிரித்தன. 2020இல் இரண்டும் மறுபடி ஒன்றாக வந்து நின்றபோதுதான் அந்தப் பிரிவினையின் குறை தெரிந்தது.

அடுத்த திருப்பம் வடலூரில் நிகழ்ந்தது. 1866ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் சுவடு மறையாத 1867 மே 23இல் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். சத்திரங்களும் மடங்களும் அதற்கு முன்பே தமிழகமெங்கும் சோறிட்டு வந்தன. அவற்றில் பலவற்றில் சாதிக்கொரு பந்தி, சிலருக்குப் பந்தியே இல்லை. வடலூரில் சாதியோ சமயமோ கேட்கப்படவில்லை. பசி ஒன்றே உண்பவருக்கான தகுதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. சமய வரலாற்றில் இதற்குரிய இடம் கிடைத்துவிட்டது. சமூக நலத்திட்டங்களின் வரலாற்றில் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் குறை.

வடலூர் அடுப்புக்குப் பத்து வயது நிரம்பும் வேளையில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876–78 ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் மாண்டோர் பல இலட்சம் பேர். பஞ்ச நிவாரணத்தைச் சிக்கனமாக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், உதவி பெறுவோருக்கு இரு சோதனைகளை வைத்தார். ஒன்று உழைப்பு: உடல் திடமுள்ளவர் மண் சுமந்தால்தான் கூலி. மற்றொன்று தொலைவு: ஊரைவிட்டுப் பல மைல் தள்ளியுள்ள முகாமுக்குப் போயாக வேண்டும். நடந்தே மெலிந்தவர்கள் அங்கே போய் மண் வெட்டினால், ஓர் ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் கிடைக்கும். இந்த அளவு உயிரைத் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். உடலெடை குறைவதையும் முகாம்களில் சாவு கூடுவதையும் அவர் சுட்டிக்காட்டிய பிறகே கூலி உயர்த்தப்பட்டது. பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இப்படிப் பஞ்ச வேலையாக வெட்டப்பட்டதுதான்.

முகாம்களில் காலரா பரவியது என்பதை இங்கே கோடிட்டுக் காட்ட வேண்டும். பசித்தவர்களை ஓரிடத்தில் குவித்துக் கஞ்சி ஊற்றினால் கஞ்சியோடு நோயும் பரவும் என்ற பாடம் அப்போதே எழுதப்பட்டது. அந்தப் பாடம் 2020 ஏப்ரலில் நீதிமன்றம்வரை வந்தது. 1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையமும் அதையடுத்து வந்த பஞ்ச விதித்தொகுப்பும் உதவியை அரசின் கடமை என்று ஏற்றுக்கொண்டன. ஆனால் தகுதிச் சோதனை என்னும் மனப்பான்மையை அவை கைவிடவில்லை.

கொள்ளைநோய்ச் சட்டம் இதற்குப் பிந்தையது. பிளேக் பரவியபோது 1897இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம், அரசுக்கு வீடு புகுந்து சோதிக்கவும் ஆட்களைப் பிரிக்கவும் அதிகாரம் தந்தது. பிரிக்கப்பட்டவர் எதை உண்பார் என்று சொல்லவில்லை. அதே ஆண்டு புனே அருகே பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த சாவித்திரிபாய் பூலே அந்நோயாலேயே மார்ச் 10இல் இறந்தார். 1918 இன்ஃபுளுவென்சாவில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பம்பாய் போன்ற நகரங்களில் வீடு வீடாக மருந்து கொண்டுபோனவர்களில் பெரும்பங்கு சாதி, சமூகச் சங்கங்களைச் சேர்ந்தவர்கள். உதவி வாசல்தேடி வந்தது, அவரவர் சங்கத்தின் எல்லைக்குள். 2020இலும் நடைமுறையில் இருந்தது அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டம்தான், 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் துணையோடு.

தமிழகத்தின் பாதை இதிலிருந்து விலகியது பள்ளிக்கூடத்து அடுப்பில். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளி மாணவர்களுக்கு ஆளுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் விரிந்தது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஊர்தோறும் ஒரு சமையற்கூடத்தையும், அதில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்களையும் உருவாக்கியது. கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் அவ்வேலைகளில் முன்னுரிமை கிடைத்தது. சமைப்பவர் யார் என்ற சாதிக் கேள்வி அதோடு ஓய்ந்துவிடவில்லை. 2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளியொன்றில் பட்டியலினச் சமையலர் சமைப்பதை ஊரார் சிலர் எதிர்த்தார்கள்; வழக்குப் பதிவானது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தர்மபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பெருகின. அந்தக் குழுக்களின் பெண்களைக் கொண்டே 2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகங்கள் திறக்கப்பட்டன. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். இங்கே பெயர் கேட்பதில்லை, அட்டை கேட்பதில்லை. வடலூருக்குப் பின் எந்தத் தகுதியும் கேட்காமல் இவ்வளவு பேருக்கு உணவிட்ட ஏற்பாடு தமிழகத்தில் இதுதான் என்பேன். அதன் பெயர்ப்பலகையில் உள்ள அரசியலைப் பேசியவர்கள் இந்தத் தன்மையைக் கவனிக்கவில்லை.

பொதுமுடக்கத்தின் முதல் வாரங்களில் அரசின் பெரும் உதவி அட்டைவழியே சென்றது. ஏறத்தாழ 2 கோடி அரிசி அட்டைதாரர்களுக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும். நியாயவிலைக் கடை ஊழியர்கள் கூட்டம் சேராமல் நாள், நேரம் குறித்த டோக்கனை வீடு வீடாகக் கொடுத்தார்கள். இவ்வளவு விரைவாக இதைச் செய்ய முடிந்ததற்குப் பல பத்தாண்டுகளாகப் பேணப்பட்ட பொதுவிநியோக முறையே காரணம். அட்டையில்லாதவர் நிலை வேறு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கட்டட வேலையிலும் சிற்றுணவகங்களிலும் இருந்தவர்கள், நடைபாதைவாசிகள், திருநங்கையர் பலர், வாடகை வீடு மாறி மாறி முகவரியில்லாமல் போனவர்கள். ‘ஒரே நாடு ஒரே அட்டை’ தமிழகத்துக்கு வந்தது அவ்வாண்டு அக்டோபரில்தான். அரசு முகாம்களும் நிவாரணப் பொருள்களும் அறிவிக்கப்பட்டன. அவை போய்ச் சேருமுன் இடைப்பட்ட நாள்களைக் கடத்தியது அம்மா உணவகமும், 2015 சென்னை வெள்ளத்தில் கைகோத்துப் பழகிய தன்னார்வலர்களும்தான்.

ஓர் அம்மா உணவகத்தின் வாசலை அருகில் நின்று பார்த்தால் இந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பது விளங்கும். வெளியே மூன்றடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பு வட்டங்கள். ஒரு வட்டத்தில் பால்காரர், அடுத்ததில் தூய்மைப் பணியாளர், அதற்கடுத்து இந்தியில் மட்டும் பேசத்தெரிந்த இளைஞர்கள். உள்ளே முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய, ஆவிபறக்கும் சட்டியிலிருந்து அள்ளிப் போடும் பெண்கள். பேச்சுக்கு நேரமில்லை; விரல் காட்டினால் எத்தனை என்று புரியும்.

ஏப்ரல் 12இல் தமிழக அரசு, கட்சிகளும் அமைப்புகளும் தாங்களாக உணவு வழங்கக் கூடாது, அதிகாரிகளிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்றது. கூட்டத்தால் தொற்று பரவும் என்பது காரணம். தாது வருஷ முகாம்களை நினைத்தால் அந்தக் காரணத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் இன்னொரு நினைவும் அதன் பின்னால் இருந்தது என்று கருதுகிறேன். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நெசவாளர் பட்டினிக்காக எதிர்க்கட்சிகள் கஞ்சித்தொட்டி திறந்தபோது, அது ஆட்சியின் தோல்விக்குச் சாட்சியாக நின்றது. அன்றிலிருந்து யார் கையால் சோறு போகிறது என்பது இங்கே ஆட்சிக் கேள்வியாகிவிட்டது. திமுக உள்ளிட்டோர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிவித்து, மிகச் சிலரே சென்று, இடைவெளி காத்து வழங்கலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. தொற்றையும் பசியையும் ஒருசேர எண்ணிய தீர்வு அது. கார்னிஷ் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

கொடை தன் வடிவத்தை மாற்றிக்கொண்டதற்கு நோன்புக் கஞ்சி சான்று. அந்த ரமலானில் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சவில்லை. அரசு தந்த அரிசி வீடுகளுக்கே போனது. தொற்றுக்காரர் வீட்டு வாசலைத் தகரத்தால் அடைத்த தெருக்களில், மாநகராட்சி தன்னார்வலர்கள் பாலும் மருந்தும் வாங்கிக் கொடுத்தார்கள். ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மறுபடி கடுமுடக்கம் வந்தபோது அம்மா உணவகச் சாப்பாடு இலவசமாயிற்று.

இதே நகரம்தான் ஏப்ரல் 19 இரவு, தொற்றால் இறந்த நரம்பியல் மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்தது. உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவர் பின்னிரவில் தம் கையாலேயே மண் தள்ளி நண்பரை அடக்கம் செய்தார். சில நாள்களில் அரசு, அடக்கத்தைத் தடுப்போருக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தொடர்ந்த மாதங்களில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) போன்ற அமைப்புகளின் தொண்டர்கள் இந்து, கிறித்துவ, முஸ்லிம் உடல்களை அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள். உயிரோடிருப்பவருக்கு ஒரு பிடி சோறு தருவதைவிட, நோயால் இறந்தவரைத் தொட்டுத் தூக்குவதற்கு மிகுந்த துணிவு வேண்டியிருந்தது. பொதுமுடக்கக் காலத்தின் ஆகப்பெரிய தொண்டு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

2021 மே மாத இரண்டாம் அலையில் கோயில்களின் அன்னதானக் கூடங்கள், அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் துணையாக இருந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் பொட்டலங்கள் என்ற இலக்கோடு சமைத்தன. மணியக்காரர் சத்திரத்தில் ஒன்றாக இருந்த பசியும் மருத்துவமும் ஓரளவு மீண்டும் அருகருகே வந்தன.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு கணக்கு மாறாமல் இருந்தது. ஊரே வீட்டுக்குள் இருந்தபோது விடியுமுன் எழுந்து, பேருந்தில்லாத சாலையில் நடந்துபோய் இட்லிச் சட்டி ஏற்றிய அம்மா உணவகப் பெண்களின் நாட்கூலி 300 ரூபாய். அது 325 ஆனது 2024இல்.