பந்தொடு ஓடலும் பந்து வழங்கலும்

சங்கத்தின் ஆண்டுவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று அன்பர்கள் கேட்டபோது, கோட்டையின் வரலாற்றையோ கோயிலின் வரலாற்றையோ நாம் எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவற்றை எழுத வல்லார் பலர் உளர். நாம் எழுதப் புகுவது கால்பந்தின் வரலாற்றில் ஒரு சிறு கூறு. நம் காலனிச் சிறுவர் மாலைதோறும் தமக்குள் வழக்கிடும் ஒரு வினாவுக்கு அவ்வரலாற்றில் விடை இருத்தலால் இதனை எழுதத் துணிந்தோம்.

வினா இதுதான். பந்து காலுக்கு வந்தபின் அதனை உருட்டிக்கொண்டு தானே எதிரிகளைக் கடந்து ஓடுவது நன்றா? உடன் ஆடுபவனுக்கு உடனே தள்ளிவிடுவது நன்றா? பின்னதைச் சிறுவர் 'பாஸ்' என்பர். நாம் பந்து வழங்கல் என்போம்.

கிழக்கேகோட்டை வாயிலுக்கு வெளியே புத்தரிக்கண்டம் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலில் நிறைபுத்தரிக்கு வேண்டிய புதுநெல் விளைந்த வயல் ஆதலின் அப்பெயர் பெற்றது. வயல் திடலான பின், கூட்டமும் கண்காட்சியும் இல்லாத நாள்களில் அது பிள்ளைகளுக்கு உரியதாயிற்று. கோட்டைக்குள் இருந்த எம்மனோர்க்கோ முதற் களம் தெருவே. இரு புறமும் திண்ணை; நடுவே கைவண்டி செல்லும் அகலம். அங்கே பந்தைப் பக்கவாட்டில் வழங்க இடம் ஏது? வழங்கினால் திண்ணையில் பட்டுத் திரும்பும். அல்லது எவர் வீட்டு வடாமிலேனும் விழும். ஆகவே பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு இடுக்கில் நுழைந்து ஓடும் கலையில் நாங்கள் கைதேர்ந்தோம். கால்தேர்ந்தோம் என்பதே பொருந்தும்.

அந்தப் பெருமிதத்தோடு ஒருநாள் புத்தரிக்கண்டத்தில் சாலைக் கம்போளத்துப் பிள்ளைகளை எதிர்த்து ஆடினோம். எங்களில் ஒருவன் ஓட்டத்தில் நிகரற்றவன். மூவரைக் கடப்பான், நான்காமவனிடம் பந்தை இழப்பான். இடப்புறத்தில் ஆளின்றி நின்ற நாம் "இங்கே தாடா" என்று தொண்டை வற்றக் கூவினோம். அவன் செவியில் அது ஏறவில்லை. எதிர்த்தவர்கள் எங்களினும் மெதுவாகவே ஓடினர். பந்து மட்டும் விரைந்து ஓடியது. ஐந்து கோல் வாங்கினோம் என்று இன்று சொல்லிக்கொள்கிறோம், உண்மையில் ஆறு.

இத்தோல்வியை எங்கள் தெருவுக்கே உரிய குறை என நெடுநாள் கருதியிருந்தோம். பின்னர் நூல்களைப் பயின்றபோதுதான் கால்பந்தைத் தோற்றுவித்த இங்கிலாந்துக்கே அக்குறை இருந்தது புலனாயிற்று. 1863ஆம் ஆண்டில் இலண்டனில் கால்பந்துச் சங்கம் வகுத்த முதல் விதிகளின்படி, பந்துக்கு முன்னே நிற்பவன் ஆட்டத்தில் கலந்துகொள்ளலாகாது. எனவே முன்னோக்கிப் பந்து வழங்க வழியே இல்லை. ஒருவன் பந்தை உருட்டி ஓட, ஏனையோர் அவன் பின்னே திரளாக ஓடுவர். அவன் இழந்தால் அடுத்தவன் எடுத்துக்கொள்வான். 1866இல் இவ்விதி தளர்ந்தது. முன்னே நிற்பவனுக்கும் எதிரியின் கோல் எல்லைக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருந்தால் அவன் பந்து பெறலாம் என்றாயிற்று. விதி மாறியும் வழக்கம் மாறவில்லை. உருட்டி ஓடுதலே ஆண்மை, பிறனுக்குக் கொடுத்தல் கோழைமை என்னும் எண்ணம் உயர்குடிப் பள்ளிகளில் பயின்றோரிடம் ஊறிக் கிடந்தது.

1872 நவம்பர் 30ஆம் நாள் கிளாஸ்கோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. நாடுகளுக்கிடையே நடந்த முதல் அதிகாரபூர்வப் பந்தயம் அது. ஸ்காட்லாந்தின் பதினொருவரும் குவீன்ஸ் பார்க் என்னும் ஒரே கழகத்தினர். உடல் எடையில் ஆங்கிலேயரினும் குறைந்தவர். பந்தோடு ஓடி மோதினால் நசுங்கிப்போவோம் என்பதை உணர்ந்து தமக்குள் பந்தை வழங்கி ஆடினர். முடிவில் இரு புறமும் கோல் இல்லை. அந்த வெறுங்கணக்கே உலகுக்குப் பாடமாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் ஸ்காட்லாந்து 1878இல் 7-2 என்றும் 1881இல் 6-1 என்றும் இங்கிலாந்தை வென்றது. ஆங்கிலக் கழகங்கள் ஸ்காட்டியரைத் தேடியழைத்து அமர்த்திக்கொண்டன. அவர்களுக்குப் 'பேராசிரியர்' என்னும் பட்டப்பெயரும் கிட்டியது.

இங்கே கடல் கடந்த மற்றொரு களத்தையும் நோக்குதல் தகும். நம் காலனியில் அமெரிக்காவில் பயிலும் பிள்ளை இல்லாத வீடு அரிது. விடுமுறைக்கு வருங்கால் அங்குள்ள கல்லூரிக் கால்பந்தைப் பற்றி ஓயாது பேசுவர். பெயர் கால்பந்து, ஆடுவது பெரும்பாலும் கையால். நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும்; அல்லது முன்னே ஓடும் தோழனுக்கு எறிய வேண்டும். நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜம் முன்னேறாவிடில் பந்து எதிரிக்குப் போய்விடும்.

அங்கும் பழைய கதைதான். முன்னோக்கி எறிதல் தொடக்கத்தில் விலக்கப்பட்டிருந்தது. கூட்டமாக முட்டி மோதி ஓடுவதில் இளைஞர் பலர் உயிரிழக்க, 1905இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரியாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச நேர்ந்தது. 1906இல் முன்னோக்கி எறிதல் சட்டமாயிற்று. எனினும் பெருங்கல்லூரிகள் அதனை ஒரு கழைக்கூத்தாகவே கருதி ஒதுக்கின. 1913 கோடையில் நாட்டர்டேம் கல்லூரி மாணவர் இருவர், கஸ் டோரையும் நூட் ராக்னியும், ஓஹையோ மாநிலத்து ஏரிக்கரை மணலில் எறிந்தும் பிடித்தும் பழகினர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் வெஸ்ட் பாயின்டில் இராணுவக் கல்லூரியை எதிர்த்தபோது டோரை எறிந்த பதினேழில் பதினான்கு தோழர் கையில் சேர்ந்தன. 35-13 என்று வெற்றி.

எறிதலால் வென்றனர் என்று இதனைச் சுருக்கிச் சொல்வது பிழை. ஓட்டத்தைத் தடுக்க முன்னே குவிந்து நின்ற இராணுவ வீரர், தலைக்கு மேலே பந்து பறக்கக் கண்டு பின்வாங்கிப் பரவினர். பரவிய உடனே நடுவில் வழி திறந்தது; நாட்டர்டேமின் ஓட்டக்காரர் அவ்வழியே புகுந்தனர். ஓட்டமே இல்லாது எறிதல் மட்டும் இருந்திருப்பின், காவலர் தொடக்கத்திலேயே பின்னே நின்று பந்தைப் பறித்திருப்பர். எதிரி எதற்கு அணியமாவது என்று அறியாது ஒரு கணம் தயங்க வேண்டும். அத்தயக்கம் இரண்டும் உள்ள அணிக்கே கிட்டும்.

நம் நாட்டில் இந்நுட்பத்தை முழுதும் உணர்ந்தவர் ஐதராபாத்தின் செய்யது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்றிய ஐதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணியின் பயிற்சியாளராக 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்குச் சென்று, யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற கசப்பையும் கண்டவர். நம்மவர் பலர் அங்கே வெறுங்காலோடு ஆடினர். அத்தோல்விக்குக் குளிரையும் காலணியையும் காரணம் காட்டிப் பலர் அமைந்தனர், ரஹீம் அமையவில்லை. ஊர் திரும்பியபின் இளைஞருக்குப் புதுமையான போட்டிகளை நடத்தினார். ஒரு போட்டியில் உருட்டி ஓடுதலே கூடாது. பந்து வந்தவுடன் வழங்கியாக வேண்டும். மற்றொன்றில் பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும்.

இவ்வளவு கண்டிப்புடையவர் உருட்டி ஓடும் வல்லாரை அணியிலிருந்தே நீக்கியிருப்பார் என்றல்லவா தோன்றும்? அவர் செய்தது நேர்மாறு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு அவர் அமைத்த முன்னணியைப் பாருங்கள். தலைவர் சுனி கோஸ்வாமி, எதிரிகளை ஏய்த்துப் பந்தை உருட்டுவதில் பெயர் பெற்றவர். வலப்புறம் பி. கே. பானர்ஜி, புயலென ஓடிச் சுடுபவர். இவர்களோடு துளசிதாஸ் பலராம், களம் முழுதும் கண்டு பந்தை இடமறிந்து வழங்குபவர். கொடுக்கத் தெரிந்த பின்னரே ஓடுவதற்கு உரிமை என்பது ரஹீமின் முறை என்று நாம் கருதுகிறோம். எங்கள் தெருவில் அவ்வரிசை தலைகீழாய் இருந்தது.

முதற் பந்தயத்தில் தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. பின் தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று கடந்து, செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியில் அதே தென்கொரியாவை மீண்டும் சந்தித்தனர். அரசியல் பூசலொன்றால் ஜகார்த்தா மக்கள் இந்தியர்மீது சினங்கொண்டிருந்தனர்; அரங்கெங்கும் கூச்சல். கோல் காத்தவர் இராணுவத்திலிருந்து வந்த பீட்டர் தங்கராஜ். பின்காவலில் நின்றவருள் ஒருவர் நம் கேரளத்து இரிஞ்ஞாலக்குடைக்காரரான ஓ. சந்திரசேகரன். தலையில் தையல்களோடு ஜர்னைல் சிங் தம் காவலிடம் விட்டு முன்னணியில் ஆடினார். பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. 2-1 என்று தங்கம். புற்றுநோயோடு அவ்வணியை நடத்திய ரஹீம் அடுத்த ஆண்டு ஜூன் 11ஆம் நாள் மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குக் கிட்டவில்லை. வல்ல ஓட்டக்காரர் பின்னும் தோன்றினர். அவர்களை ஒரு முறைக்குள் பொருத்தும் ஆசிரியர் அவரைப் போல் அமையவில்லை என்பதே நம் ஆற்றாமை.

ரஹீமின் மாணாக்கருள் தமிழர் ஒருவர் உண்டு. அவர் கேரளத்துக்குச் செய்த தொண்டை நம் சங்கத்தார் மறத்தல் கூடாது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சைமன் சுந்தரராஜ் அவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோலும் அதுவே. பின்னாளில் அவர் கேரள அணியின் பயிற்சியாளரானார். 1973 டிசம்பரில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரித் திடலில் சந்தோஷ் கோப்பை இறுதிப் பந்தயம். கேரளம் அதுவரை அக்கோப்பையைத் தொட்டதில்லை. எதிரணி இரயில்வே. 3-2 என்று கேரளம் வென்றது. மூன்று கோலையும் போட்டவர் அணித்தலைவர் மணி. அன்று முதல் அவர் கேரளத்துக்குக் 'காப்டன் மணி'.

அச்செய்தி வந்த மறுநாட்காலை எங்கள் தெருவில் நடந்தது நன்கு நினைவிருக்கிறது. திண்ணைகளுக்கு நடுவே பழைய பந்தொன்று உருண்டது. ஏழெட்டுச் சிறுவர், "நான்தான் மணி", "இல்லை, நான்தான் மணி" என்று சட்டையைப் பற்றிக்கொண்டனர். "சரியடா, மணிக்குப் பந்து கொடுப்பவன் யார்?" என்று திண்ணையிலிருந்து கேட்டோம். ஒருவனும் வாய் திறக்கவில்லை.