பெயரும் குடும்பமும்: ஸ்டீபன் ஹாப்கின்ஸை அடையாளம் காட்டிய ஆவணங்கள்

மேஃப்ளவர் கப்பலில் 1620இல் வட அமெரிக்கா சென்று பிளிமத்தில் குடியேறிய ஸ்டீபன் ஹாப்கின்ஸ் இங்கிலாந்தில் எந்த ஊர்க்காரர்? இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் வம்சாவளி நூல்கள் சொல்லிவந்த விடை தவறு. குளோஸ்டர்ஷயரில் வாட்டன் என்னும் ஊரைச் சேர்ந்த துணி வணிகக் குடும்பத்துப் பிள்ளை என்றும், முதல் மனைவி கான்ஸ்டன்ஸ் டட்லி என்றும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். அப்படியொரு திருமணத்துக்கு எந்தப் பதிவையும் யாரும் காட்டவில்லை. மகள் கான்ஸ்டன்ஸின் பெயரையே தாய்க்கும் ஏற்றிவிட்டதாகத்தான் தோன்றுகிறது. 1998இல் ஆய்வாளர் காலெப் ஜான்சன் ஹாம்ப்ஷயரின் ஹர்ஸ்லி பங்குப் பதிவேட்டில் கண்டெடுத்த ஞானஸ்நானக் குறிப்புகளை வெளியிட்டார். வாட்டன் கதை அத்தோடு முடிந்தது.

இந்தத் திருத்தம் வம்சாவளி ஆர்வலர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. குடியேற்றக் காலத்து ஆவணங்களைக் கொண்டு ஒரு சாமானிய மனிதரின் வாழ்க்கையைக் கட்டியெழுப்பும்போது எது சான்று, எது ஊகம் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. ஹாப்கின்ஸை அடையாளம் காட்டியவை அவருடைய மனைவி மக்களைப் பற்றிய தாள்களே என்பதும், அவர் பெயரை மட்டும் தேடிப் போனவர்கள் அதனால்தான் வழி தவறினார்கள் என்பதும் இக்கட்டுரையின் வாதம். ஒரே பெயர் தாங்கிய பலரை ஒருவராக்கிவிடும் ஆபத்து நமக்குப் புதிதல்ல. சங்கப் பாடல் பாடிய ஔவையாரையும் ஆத்திசூடி பாடிய ஔவையாரையும் பிரித்தறிய நம் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் எவ்வளவு உழைத்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, ஹாப்கின்ஸ் என்ற பெயர் ஓர் ஆளை நிறுவப் போதாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் பிளிமத்துப் பக்கத்துச் சான்று. மேஃப்ளவரில் வந்த 102 பேருக்கும் கப்பலில் எழுதிய பயணிப் பட்டியல் எதுவும் எஞ்சவில்லை. நமக்குக் கிடைப்பது ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் சுமார் முப்பது ஆண்டுகள் கழித்துத் தம் வரலாற்று ஏட்டின் பின்னிணைப்பாக எழுதிய பட்டியல். அந்தக் கையெழுத்துப் படி அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் பாஸ்டனிலிருந்து காணாமல் போனது. 1855இல் இலண்டன் பேராயரின் ஃபுல்ஹம் மாளிகை நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. மறு ஆண்டு அச்சேறியது. 1897இல் மாசச்சூசெட்ஸுக்குத் திரும்பியது. பிராட்ஃபோர்ட் தம் பட்டியலை வீடு வீடாக எழுதினார். ஹாப்கின்ஸ் வீட்டில் மனைவி எலிசபெத், முன்னைய மனைவியின் பிள்ளைகளான ஜைல்ஸ், கான்ஸ்டன்ஸ், இந்த மனைவியின் பிள்ளைகளான டமாரிஸ், கடலிலேயே பிறந்த ஓஷியானஸ், எட்வர்ட் டோட்டி, எட்வர்ட் லெஸ்டர் என்ற இரண்டு வேலையாட்கள். இன்னார் முன்னைய மனைவியின் பிள்ளைகள் என்று அவர் பிரித்துக் காட்டிய அந்த ஒரு சொற்றொடர் இல்லாவிட்டால் ஹர்ஸ்லிக்குப் போக வழியே இருந்திருக்காது.

இனி ஹர்ஸ்லி. 1538இல் தாமஸ் கிராம்வெல் இட்ட ஆணைப்படி இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். அதனால்தான் எழுதப் படிக்கத் தெரியாத உழவரின் குழந்தைக்கும் ஒரு வரி கிடைத்திருக்கிறது. ஹர்ஸ்லி ஏட்டில் ஸ்டீபன் ஹாப்கின்ஸின் பிள்ளைகளாக எலிசபெத், கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் மூவரும் வருகிறார்கள். கான்ஸ்டன்ஸுக்கு 1606 மே 11. ஜைல்ஸுக்கு ஜனவரி 30. இந்த இரண்டாவது தேதியில் சற்று நிற்க வேண்டும். அக்கால இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஆகவே ஏட்டுக் கணக்கில் 1607ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்த ஜனவரி நம் கணக்கில் 1608. இதைக் கவனிக்காமல் படித்தால் மே மாதம் ஞானஸ்நானம் பெற்ற அக்காவுக்கும் ஜனவரியில் பெற்ற தம்பிக்கும் எட்டு மாத இடைவெளிதான் வரும். இரண்டு குடும்பங்கள் என்று முடிவுகட்டத் தோன்றும். சரியாகப் படித்தால் இருபது மாதம். ஒரே தாயின் பிள்ளைகள் என்பதற்குத் தடை இல்லை.

ஸ்டீபன் என்ற தகப்பனுக்கு ஒரே வீட்டில் கான்ஸ்டன்ஸ் என்ற மகளும் ஜைல்ஸ் என்ற மகனும் இருப்பது தற்செயலாக இன்னொரு வீட்டிலும் நிகழலாமா? நிகழ வாய்ப்பு மிகக் குறைவு. அதோடு வயதும் பொருந்துகிறது. 1627இல் பிளிமத்தில் மாடுகளைக் குடியேறிகளுக்குப் பங்கிட்டபோது, ஹாப்கின்ஸ் பங்கில் நிக்கலஸ் ஸ்னோவும் அவர் மனைவி கான்ஸ்டன்ஸும் சேர்க்கப்பட்டார்கள். 1606இல் ஞானஸ்நானம் பெற்ற பெண்ணுக்கு அப்போது இருபத்தொரு வயது, மணமாகியிருப்பது இயல்பு. 1644 ஜூன் 6இல் ஹாப்கின்ஸ் எழுதிய உயில் இந்த முடிச்சை இன்னும் இறுக்குகிறது. அது கால்நடைகளைப் பற்றிய உயில் என்றே சொல்லலாம். வாரன் அம்மையாரிடம் அப்போது இருந்த பெரிய காளை மகன் ஜைல்ஸுக்கு. அந்தக் காளைக்கு அவர் தர வேண்டிய வாடகையில் இருபது ஷில்லிங் ஜைல்ஸின் மகனுக்கு. பெண் குதிரை நிக்கலஸ் ஸ்னோவின் மனைவி கான்ஸ்டன்ஸுக்கு. பிராட்ஃபோர்டும் மைல்ஸ் ஸ்டாண்டிஷும் சாட்சி. காளையும் குதிரையும் இன்னாருக்கு என்று எழுதிய கைதான், ஹர்ஸ்லி ஏட்டின் குழந்தைகளைப் பிளிமத்தின் பெரியவர்களோடு சேர்த்துக் கட்டுகிறது. இந்த இணைப்பை உறுதி என்றே கொள்ளலாம். தேடல் ஹாம்ப்ஷயருக்குத் திரும்பிய பிறகுதான் அப்பர் கிளாட்ஃபோர்டில் 1581 ஏப்ரல் 30 தேதியிட்ட ஞானஸ்நானப் பதிவும் ஹாப்கின்ஸுடையது என்று ஆய்வாளர்களால் முன்வைக்கப்பட்டது.

மூன்றாவது ஹாப்கின்ஸ் பெர்முடாவில் இருக்கிறார், சிக்கல் அங்கேதான். 1609 ஜூனில் வர்ஜீனியாவுக்குப் புறப்பட்ட சீ வென்ச்சர் கப்பல் ஜூலை இறுதியில் புயலில் சிக்கிப் பெர்முடாவின் பாறைகளில் மோதியது. சுமார் 150 பேரும் உயிரோடு கரையேறி, பத்து மாதத்தில் இரண்டு சிறு கப்பல்களைக் கட்டி, பெரும்பாலோர் 1610 மே மாதம் ஜேம்ஸ்டவுன் சேர்ந்தார்கள். உடனிருந்த வில்லியம் ஸ்ட்ரேச்சி எழுதிய விவரம் 1625இல் பர்ச்சஸின் பயண நூல் தொகுப்பில் அச்சானது. அதில் வரும் ஸ்டீபன் ஹாப்கின்ஸ், போதகர் ரிச்சர்ட் பக்கின் உதவியாளர். வழிபாட்டில் சங்கீதங்களை வாசித்தவர். வேத வசனம் நன்கு அறிந்தவர். கப்பல் உடைந்த கணமே ஆளுநரின் அதிகாரமும் உடைந்துவிட்டது, இனி அவரவர் தம் விருப்பப்படி நடக்கலாம் என்று அவர் சக ஊழியர்களிடம் வாதிட்டார். 1610 ஜனவரியில் விசாரித்து மரண தண்டனை விதித்தார்கள். மனைவி மக்களைச் சொல்லி அவர் அழுது மன்றாடியதாலும் மற்றவர்கள் பரிந்து பேசியதாலும் ஆளுநர் கேட்ஸ் மன்னித்துவிட்டார்.

இவரும் பிளிமத்துக்காரரும் ஒருவரே என்பதற்குப் பொதுவாகச் சொல்லும் காரணங்களை எடையிட்டுப் பார்க்க வேண்டும். 1620 நவம்பரில் கேப் காட் காட்டில் வளைந்திருந்த இளமரத்தைக் கண்டு அது மான் பிடிக்கும் கண்ணி என்று சொன்னவர் ஹாப்கின்ஸ். 1621 மார்ச்சில் பழங்குடியினரான சமோசெட் தங்கியது அவர் வீட்டில். அந்த ஜூலையில் சக குடியேறி வின்ஸ்லோவோடு பழங்குடித் தலைவர் மாசசாயிட்டிடம் தூது போனவரும் அவர். ஆகவே அமெரிக்க மண்ணை முன்பே கண்டவர் என்பது ஒரு வாதம். துணைச் சான்றாக இதை ஏற்கலாம், தனியே நிற்காது. கண்ணியை அடையாளம் காண ஹாம்ப்ஷயர் காடே போதும்.

குணத்தை வைத்துச் செய்யும் வாதத்தை நான் ஏற்கவில்லை. மேஃப்ளவரில் சிலர், நம் உரிமப் பத்திரம் வர்ஜீனியாவுக்குத்தான் செல்லும், இங்கே நம்மை ஆள யாருக்கும் அதிகாரம் இல்லை என்று பேசியதாகவும் அதனால்தான் அந்தப் புகழ்பெற்ற உடன்படிக்கை எழுதப்பட்டதாகவும் பிராட்ஃபோர்ட் குறிக்கிறார். பெர்முடா வாதத்தின் அதே அச்சு. ஆகவே பேசியவர் ஹாப்கின்ஸ் என்பார்கள். பிராட்ஃபோர்ட் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. பிறகு பிளிமத் நீதிமன்றப் பதிவுகளை அடுக்குவார்கள்: 1636இல் ஜான் டிஸ்டேலை அடித்ததற்கு அபராதம், மறு ஆண்டு ஓய்வுநாளில் தம் வீட்டில் ஆட்களைக் குடிக்கவும் விளையாடவும் விட்டதற்கு வழக்கு, 1639இல் கண்ணாடியை அதிக விலைக்கு விற்றதாகக் குற்றச்சாட்டு. அடங்காத மனிதர் என்ற ஒரே சித்திரம் இரு கரையிலும் தெரிகிறதாம். ஆனால் பெர்முடாத் தாள் ஒரு கலகக் குற்ற விவரம். பிளிமத்துத் தாள்கள் நீதிமன்ற ஏடு. குற்றத்தைப் பதிவதற்கென்றே எழுதப்பட்ட தாள்களில் தேடினால் எவரும் அடங்காதவராகத்தான் தெரிவார். 1636 வரை அவர் ஆளுநரின் உதவியாளர்களுள் ஒருவராக ஆட்சியில் இருந்ததும் உண்மை. ஷேக்ஸ்பியரின் சூறாவளி நாடகத்தில் வரும் குடிகாரன் ஸ்டெஃபானோ இவர்தான் என்பதற்கோ பெயரொலியைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஆய்வில் அதற்கு இடம் தர வேண்டாம்.

டோரதி டெம்பிள் வழக்கைத் தனியே சொல்ல வேண்டும். அவளைப் பற்றி எழுதுபவர்கள் பலர் ஹாப்கின்ஸைப் பற்றி மட்டுமே எழுதிவிடுகிறார்கள். டோரதி அவர் வீட்டு ஒப்பந்த ஊழியப் பெண். நிப்மக் பழங்குடி இளைஞன் ஒருவனைக் கொன்றதற்காக 1638 செப்டம்பரில் தூக்கிலிடப்பட்ட ஆர்தர் பீச்சின் குழந்தையை அவள் சுமந்திருந்தாள். அவளையும் குழந்தையையும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை ஹாப்கின்ஸ் பராமரிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அவர் மறுத்துக் காவலுக்குப் போனார். மூன்று பவுன் கொடுத்து அவளுடைய மீதி ஊழியக் காலத்தை ஜான் ஹோம்ஸிடம் ஒப்படைத்த பிறகே விடுதலை. ஓர் ஊழியப் பெண்ணின் எஞ்சிய ஆண்டுகள் கைமாறிய பரிவர்த்தனை இது. முன்னோரைப் பெருமைக்காகத் தேடுபவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டக் கூடாது. டோரதி என்று ஒருத்தி இருந்தாள் என்பதையே நீதிமன்ற ஏடுகள்தான் நமக்குச் சொல்கின்றன.

பெர்முடா இணைப்புக்கு வலுவான சான்று வேறிடத்தில், ஹர்ஸ்லியில் மேரியின் பெயரில் இருக்கிறது. ஸ்டீபனின் முதல் மனைவி மேரியை 1613 மே 9இல் அங்கே அடக்கம் செய்தார்கள். அடுத்த சில நாட்களில் அவளுடைய சொத்துப் பட்டியல் தயாராகி, எலிசபெத், கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் மூவரின் பெயரோடு நிர்வாகம் பிறரிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணின் அசையும் பொருள்கள் கணவனுடையவை. கணவன் பக்கத்தில் இருந்தால் இப்படியொரு ஏற்பாட்டுக்கே வேலை இல்லை. ஆக 1613இல் ஸ்டீபன் ஊரில் இல்லை. இறந்துவிட்டதாகவும் ஊர் நினைத்திருக்கலாம். 1608 ஜனவரிக்குப் பிறகு இந்தத் தம்பதிக்குப் பிள்ளை பதியப்படாததும் இதோடு ஒத்துப்போகிறது. சீ வென்ச்சர் புறப்பட்டது இந்த இடைவெளிக்குள்தான். மரண தண்டனையின் முன் மனைவி மக்களைச் சொல்லி அழுத மனிதனுக்கு ஹர்ஸ்லியில் மனைவியும் மூன்று மக்களும் உண்மையாகவே இருந்தார்கள்.

எனவே ஹர்ஸ்லி முதல் பிளிமத் வரையிலான இணைப்பை உறுதி என்றும், பெர்முடா இணைப்பை மிகவும் சாத்தியமானது என்றும் இருவேறு தரத்தில் எழுதுவதே முறை. பின்னதை உறுதியாக்கக்கூடிய தாள் 1613 மே மாதத்துக்கும், இலண்டன் ஒயிட்சேப்பலில் அவர் எலிசபெத் ஃபிஷரை மணந்த 1618 பிப்ரவரி 19க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும். அவர் பெயரைத் தேடி வர்ஜீனியா நிறுவன ஏடுகளைப் புரட்டுவதைவிட, தாயில்லாத அந்த மூன்று பிள்ளைகளை அந்த ஐந்தாண்டுகளில் யார் வளர்த்தார்கள் என்று ஹாம்ப்ஷயரில் கேட்பது பயன் தரும்: மேரியின் சொத்தை நிர்வகித்தவர்களின் கணக்கு, 1601ஆம் ஆண்டுச் சட்டப்படி பங்குகள் வைத்திருந்த ஏழை நிவாரணக் கணக்கு, பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்பிய ஒப்பந்தங்கள். மூத்தவள் எலிசபெத் மேஃப்ளவரில் ஏறவில்லை. பிராட்ஃபோர்டின் பட்டியலில் அவள் இல்லை. தேடலை அவளிடமிருந்து தொடங்கலாம்.