குழாயைத் திறக்கும் கை

போன மாதம் எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு குழாய் வைத்தோம். பாத்திரம் கழுவுகிற சிங்க்கின் ஓரத்தில், கொக்குக் கழுத்துபோல வளைந்த சின்னக் குழாய். குடிதண்ணீருக்கு மட்டும். இதைச் சொகுசு என்று யாரும் நினைக்க வேண்டாம். காரைக்கால் கடலோரத்தில் போர் போட்டால் பல இடங்களில் உப்புத்தான் வரும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் உப்பு கரைந்திருப்பதே நல்ல குடிநீர், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

வந்தவர் வேலை தெரிந்தவர். சிங்க்குக்கு அடியில் வால்வை அடைத்தார். அங்கே ஒரு 'டீ' போட்டு மெல்லிய டியூபைப் பிரித்து ஃபில்டருக்குக் கொண்டுபோனார். கிரானைட்டில் துளை போட்டு, மரையில் வெள்ளை டேப் சுற்றிக் குழாயை முறுக்கினார். ஃபில்டர் கழிக்கிற உப்புத் தண்ணீருக்குத் தனி டியூப். முதலில் நிறைகிற தண்ணீரைக் கீழே விட்டுடுங்க என்றார்.

எண்பதைத் தாண்டிய அப்பாயி நிலைப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கேட்டது: "இத நானே தொறக்கலாமா?"

நாங்கள் சிரித்துவிட்டோம். அது சிரிக்கவில்லை.

"கொளத்தங்கரையில கொடத்த வச்சுட்டுத் தள்ளி நிப்போம். யாராச்சும் மனசு வச்சு மொண்டு ஊத்துனாத்தான் தண்ணி. அப்பறம் பைப்பு வந்துச்சு. ஊர்த்தெருவு பைப்ப நாங்க தொட்டுட்டா, புளியப் போட்டு வெளக்கிட்டுத்தான் அவுங்க புடிப்பாங்க."

அப்பாயி கேட்ட கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு. பள்ளிக்கூடத்தில் குழாயைத் தொட அனுமதிக்கப்படாத ஒரு சிறுவன் இருந்தான். தாகம் எடுத்தால் பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. அந்தச் சிறுவன்தான் அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக்குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார். குழாயில் தண்ணீர் இருந்தது, பக்கத்திலேயே பையனும் இருந்தான். நடுவில் நின்றது ஒரு கைப்பிடி.

பொதுநீர் நிலைகளை எல்லோருக்கும் திறக்கச் சொல்லி 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20இல் மகத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் ஊற்றி அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். வழக்கு 1937 வரை போய், உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ந்தது. தாகத்துக்காக மட்டும் நாம் அந்தக் குளத்துக்குப் போகவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே போகிறோம் என்றார் அம்பேத்கர்.

காரைக்காலுக்கு இதில் ஒரு தனிக்கதை உண்டு. 1739 முதல் இங்கே பிரெஞ்சு ஆட்சி. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகத்துக்குச் சொன்ன நாட்டின் கொடி இங்கே பறந்த காலத்தில்தான், சிறுபிள்ளையான அப்பாயி குளத்தங்கரையில் தள்ளி நின்றது. கிணறு, குளம், படித்துறையில் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்கிற 15(2) பிரிவு 1950இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது காரைக்கால் இந்தியாவிலேயே இல்லை. நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1இல். சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல். கொடி மாறியது, சட்டம் மாறியது. குளத்தங்கரை அத்தனை சீக்கிரம் மாறவில்லை.

இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய். கதை முடிந்ததா?

வேலை முடிந்ததும் அவர் அளவுக்கருவியை முக்கிப் பார்த்தார். தண்ணீர் தேறிவிட்டது. ஒரு டம்ளர் பிடித்து அவரிடமே நீட்டினோம். "வேணாங்க, வண்டியில பாட்டில் இருக்கு" என்றார். தானே மாட்டிய குழாய், தானே சோதித்த தண்ணீர். எங்கள் வீட்டு டம்ளரில் வந்ததும் வேறாகிவிட்டது.

இதை அவர் ஒருவரின் குணமாக நான் பார்க்கவில்லை. ஊருக்கு ஒரு தொட்டி, சேரிக்கு ஒரு தொட்டி என்று கட்டிக் கொடுத்ததை முன்னேற்றம் என்று நாமும் நம்பினோம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. 2025 ஜனவரியில் போலீஸ் அந்த மக்களில் மூவர் மீதே குற்றம் சாட்டியது, மக்கள் அதை மறுத்தார்கள். யார் செய்திருந்தாலும், தொட்டி தனியாக இருந்ததால்தான் அந்த மலம் நம் வயிற்றுக்கு மட்டும் வந்தது.

வீட்டுக்கு ஒரு ஃபில்டர் என்பது அந்தத் தனித்தொட்டியின் சின்ன வடிவம்தான். வாங்க முடிந்தவர்கள் மாட்டிக்கொள்ளட்டும், நாங்களும் மாட்டியிருக்கிறோம். உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தத்துவம் பேச முடியாது. ஆனால் மகத்தில் கேட்டது பொதுக்குளத்தை. அந்தக் கோரிக்கையை அடுப்படிக்குள் பூட்டிவிடக் கூடாது. ஊருக்கும் சேரிக்கும் ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், எந்தக் கையும் திறக்கிற குழாய் என்று இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.

அவர் வேண்டாமென்று வைத்த டம்ளரை அப்பாயி எடுத்துக் குடித்தது. பிறகு எழுந்துபோய்க் கைப்பிடியைத் தானே திருகி, இன்னொரு டம்ளர் பிடித்தது.