பாலாகாட்டின் உயரத்தைச் சொன்னது எது?

ஓசூர்ப் பக்கத்துப் பேரிகை வட்டாரம் பழைய சேலம் மாவட்டத்தின் பாலாகாட்டைச் சேர்ந்தது. தாலாகாட், பாராமகால், பாலாகாட் என்று அந்த மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இந்தப் பிரிவு நிலத்தின் உயரத்தை ஒட்டியது. பாராமகாலின் கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம், பாலாகாட்டின் ஓசூர் ஏறத்தாழ 900. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியிடம் போனது. ஓசூர் 1799 வரை திப்புவிடமே இருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு மேட்டுநிலத்தின் விளிம்பே கிட்டத்தட்ட இரு அரசுகளின் எல்லையாக நின்றது. கருவி எதுவும் வருமுன்பே ஆள்பவர்களும் வழிப்போக்கர்களும் இந்த உயர வேறுபாட்டை அறிந்திருந்தார்கள். கருவிகள் தந்தது எண்ணை மட்டுமே. அந்த எண்ணும் காற்றழுத்தமானி தனியாகச் சொன்னதல்ல என்பதே என் வாதம்.

1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே நகர்ந்த அளவை, 1804இல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோட்டால் சோதிக்கப்பட்டது. கணக்கிட்ட நீளத்துக்கும் சங்கிலி காட்டிய நீளத்துக்கும் வித்தியாசம் சில அங்குலமே. தியோடலைட்டில் மலையுச்சிகளின் செங்குத்துக் கோணம் பார்த்து, கடற்கரையிலிருந்து படிப்படியாக உயரத்தை மேலே கொண்டுவந்ததும் இந்த அளவைதான்.

காற்றழுத்தமானி ஏன் தனித்து நிற்க முடியவில்லை? உயரம் கூடினால் பாதரசம் இறங்கும் என்பது 1648இல் பிரான்சின் பூய் த டோம் மலையிலேயே நிரூபணமானது. ஆனால் நம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினம் இருமுறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணிவாக்கில் உச்சம், மாலை நான்கு மணிவாக்கில் தாழ்வு. இடைவெளி ஏறக்குறைய 3 மில்லிபார். ஓசூர் உயரத்தில் ஒரு மில்லிபார் சுமார் 9 மீட்டர். கருவியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாலே மாலைக்குள் அது 25 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டதாகக் காட்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறும்போது 400 மீட்டர் வித்தியாசத்தில் இந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். பேரிகையைச் சுற்றிய மேடுபள்ளங்களிலோ இரண்டு ஊர்களுக்கு இடையிலான உயர வேறுபாட்டையே அது விழுங்கிவிடும்.

1844இல் லூசியன் விடி செய்த அனிராய்டு, காற்று நீக்கிய மெல்லிய உலோகப் பெட்டி. உடையும் பாதரசக் குழாயிலிருந்து அது நம்மை விடுவித்தது உண்மை. கையில் அடங்கியதால் உயரமானி நடைப்பயணிக்குக் கிடைத்தது. ஆனால் காற்றின் தினசரி ஏற்ற இறக்கத்தை எந்தப் பெட்டியாலும் நிறுத்த முடியாது. அதனால் உயரமானியை மட்டும் நம்பாமல் திசைகாட்டியையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். சரிவில் நிற்பவர் தெரிந்த ஒரு குன்றின் திசையையும் உயரமானியின் எண்ணையும் வரைபடத்தில் சேர்த்தால் தான் நிற்கும் இடம் பிடிபடும். சமவெளியில் இரண்டு குன்றுகளின் திசையே போதும். காந்த வடக்கு இங்கே உண்மை வடக்கிலிருந்து ஒரு பாகையை ஒட்டியே விலகுகிறது என்பது நமக்கு வாய்த்த வசதி. கருப்பு கிரானைட் வெட்டும் டோலரைட் பாறைகளுக்கருகில் மட்டும் முள்ளை நம்பவேண்டாம். அவற்றில் காந்தக்கல் உண்டு.

செயற்கைக்கோள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கிடைத்தளத்தில் அது துல்லியம். உயரத்தில் அதன் பிழை அதைவிடக் கூடுதல். அதை ஈடுகட்டத்தான் கைக்கடிகாரங்களில் இன்றும் அழுத்த உணரி வைக்கிறார்கள். அந்த உணரியையும் உயரம் தெரிந்த ஓர் இடத்தில் சரிசெய்தாக வேண்டும். பேரிகைப் பக்கம் நடக்கக் கிளம்புபவர்கள் ஓசூர் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் கடல் மட்ட உயரத்துக்குக் கருவியைத் திருத்திக்கொண்டு புறப்படுங்கள். திரும்பி வந்ததும் அதே பலகையின் முன் நின்று, முள் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று குறித்துவையுங்கள்.