அச்சத்தை ஆராய்ந்த ஆய்வுக்கூடம்

சிறுநீரகங்களின் உச்சியில் குல்லாய் கவிழ்த்தாற்போல் அமர்ந்திருக்கும் இரண்டு சிறு சுரப்பிகளை, இத்தாலிய உடற்கூற்று அறிஞர் யூஸ்டாக்கி 16-ஆம் நூற்றாண்டிலேயே கண்டு எழுதிவைத்திருந்தும், அவை சரீரத்தில் என்ன காரியம் செய்கின்றன என்பதை அறிய வைத்திய சாஸ்திரம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1894-ல் இங்கிலாந்தில் ஆலிவர், ஷேஃபர் என்னும் இருவர், அச்சுரப்பியின் சாற்றைப் பிராணிகளின் இரத்தத்தில் செலுத்தினால் இரத்த அழுத்தம் சடுதியில் ஏறுவதை உலகுக்கு அறிவித்தனர். 1900-ல், நியூயார்க்கில் குடியேறியிருந்த ஜப்பானிய இரசாயன நிபுணர் ஜோகிச்சி தகாமினே, தம் உதவியாளர் உயெனாகாவின் கைத்திறமையால் அச்சாற்றின் சாரத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அதற்கு அட்ரினலின் என்று பெயர் சூட்டினார்.

ஆயினும், மருந்தாகிவிட்ட அப்பொருளுக்கும் உயிர்களின் அச்சத்துக்கும் உள்ள சம்பந்தத்தை நிலைநாட்டிய பெருமை, பாஸ்டன் நகரத்தில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் உடலியல் ஆய்வுக்கூடத்துக்கும், அதை நெடுங்காலம் நடத்திவந்த வால்டர் கேனனுக்குமே உரியது. கேனன் தம் மாணவப் பருவத்தில், அந்நாளில் புதுமையாயிருந்த எக்ஸ்-கதிர்களைக் கொண்டு பூனையின் இரைப்பை ஆகாரத்தைக் கடையும் அசைவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கையில், அப்பிராணி கலவரமுற்ற மாத்திரத்தில் அசைவுகள் நின்றுவிடுவதைக் கவனித்தார். ஜீரணத்தை ஆராயப் புகுந்தவருக்கு இடையூறாகத் தோன்றியிருக்கக்கூடிய அதையே, பிற்காலத்தில் தம் ஆராய்ச்சிக்கு வாயிலாக்கிக்கொண்டார்.

1911-ல் அவரும் அவருடைய துணைவர் டி லா பாஸும் செய்த பரிசோதனை நிதானமாக நோக்கத் தக்கது. அமைதியாயிருந்த பூனையின் சுரப்பிகளுக்கருகே ஓடும் பெருநாளத்திலிருந்து சிறிது இரத்தத்தை எடுத்தனர். பிறகு, குரைக்கும் நாயை அதன் முன் நிறுத்தி, அது மிரண்டபின் மறுபடியும் எடுத்தனர். குடல் தசையின் மெல்லிய துண்டு ஒன்றை முதல் இரத்தத்தில் தோய்த்தபோது அது வழக்கம்போல் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. மிரண்டபின் எடுத்த இரத்தத்திலோ அது தளர்ந்து அடங்கியது. சுரப்பிகளை நீக்கிவிட்ட பூனையை எவ்வளவு மிரட்டினாலும் அதன் இரத்தத்துக்கு அக்குணம் வரவில்லை.

இதனோடு ஏனைய பரிசோதனைகளின் முடிவுகளையும் சேர்த்து, 1915-ல் வெளியிட்ட நூலில் கேனன் ஒரு முழுமையான விளக்கத்தை அளித்தார். ஆபத்து நேருங்கால் நரம்புகளின் ஏவலால் அட்ரினலின் சுரக்க, இதயம் விரைகிறது. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது. மூச்சுக் குழல்கள் விரிகின்றன. காயம்பட்டால் இரத்தம் விரைவில் உறைகிறது. எதிர்த்துப் போராடவோ ஓடித் தப்பவோ வேண்டிய ஆயத்தங்கள் யாவும், மனம் தீர்மானத்துக்கு வருமுன்னரே இவ்வாறு கூடிவிடுகின்றன.

மனிதனிடத்திலும் இது மெய்யா என்று பார்க்க, 1913-ஆம் ஆண்டின் இறுதிக் கால்பந்துப் போட்டி முடிந்தவுடன், ஹார்வர்டு அணியினர் 25 பேரின் சிறுநீரைச் சோதித்தார்கள். 12 பேரிடம் சர்க்கரை காணப்பட்டது. அவர்களுள் 5 பேர், அழைப்பை எதிர்பார்த்து அமர்ந்திருந்து, கடைசிவரை களத்தில் இறங்காத மாற்று ஆட்டக்காரர்கள்!

அந்த ஐவரின் செய்தியே இவ்வரலாற்றில் நாம் மறவாது போற்ற வேண்டியது என்பேன். உழைப்பு வாய்க்காதபோதும், உழைக்க நேரலாம் என்ற எதிர்பார்ப்பொன்றே சரீரத்தை ஆயத்தப்படுத்திவிடுகிறது. மேடையேறுமுன்னும் பரீட்சை மண்டபத்தின் வாயிலிலும் நெஞ்சு படபடப்பதைக் கோழைத்தனமென்று எண்ணி நாணுகிறவர்கள், அது தம்மைக் காக்கச் சரீரம் செய்யும் யத்தனம் என்பதை உணரவேண்டும். அதுபோலவே, பிறரை ஓயாத பயத்தில் வைத்து வேலை வாங்குகிறவர்களும், அவர்களுடைய இதயத்தையும் ஈரலையும் நாள்தோறும் நடவாத போருக்கு ஏவுகிறோம் என்பதை உணர்ந்தாக வேண்டும்.