ஆராய்ச்சி நிதியும் அறநெறியும்

திருக்குறளில் அறத்துப்பால் முன்னும் பொருட்பால் பின்னும் நிற்கின்றன. ஆராய்ச்சியுலகில் இம்முறை நெடுங்காலம் பேணப்படவில்லை. ஆராய்ச்சிக்குப் பொருள் வேண்டி விண்ணப்பிக்கும் அறிஞனை நோக்கி, "ஆராயப்படும் மனிதனுக்கு நீ செய்யும் நீதி யாது?" என்று நிதி வழங்குவோர் கட்டாயமாக வினாவத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாம்.

இரண்டாம் உலகப்போரின்போது நாசி மருத்துவர் சிறைக்கைதிகள்மீது நடாத்திய கொடிய சோதனைகளை விசாரித்த நூரம்பேர்க் நீதிமன்று, 1947ஆம் ஆண்டிலே பத்து விதிகளை வகுத்தது. சோதனைக்கு உட்படுவோன் தன்விருப்பாய் அளிக்கும் சம்மதம் இன்றியமையாதது என்பது அவற்றுள் முதலாவது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. எனினும் இவையிரண்டும் மருத்துவரின் மனச்சாட்சியையே நம்பி நின்றன. மீறுவோனைத் தடுக்கும் வலிமை இவற்றுக்கு இருக்கவில்லை.

1963இல் நியூயோர்க்கின் புரூக்கிளின் பகுதி மருத்துவமனையொன்றில், முதிய நோயாளர் 22 பேரின் உடலில், அவர்க்கு உண்மை உரைக்காது, உயிருள்ள புற்றுநோய்க் கலங்கள் ஏற்றப்பட்டன. அவ்வாராய்ச்சிக்கு அரசின் நிதியும் உதவியிருந்தது. இத்தகைய நிகழ்ச்சிகளால் விழிப்புற்ற ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை, 1966 பெப்ரவரியில் ஒரு கட்டளை பிறப்பித்தது. உட்படுவோரின் உரிமையும் நலனும், சம்மதம் பெறும் முறை, விளையக்கூடிய தீங்கும் நன்மையும் ஆகிய மூன்றையும் ஆராய்ச்சியாளனின் நிறுவனக் குழுவொன்று முன்னரே ஆராய்ந்தாலன்றி நிதி கிடையாது. மனச்சாட்சியால் ஆகாததைப் பணப்பையின் முடிச்சு ஆக்கிற்று.

ஆயின் அதுவும் முழுக் காவலாகவில்லை. அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், சிபிலிசு நோயுற்ற கறுப்பின வறியோர் 399 பேருக்கு உரிய மருந்தளிக்காது, நோயின் போக்கை 1932 முதல் 1972 வரை அவதானித்து வந்ததும் அதே சேவையே. பிறர் விண்ணப்பத்தை நுணுகி நோக்கியோர் தம் செயலை நோக்கத் தவறினர். அது வெளிப்பட்டபின், 1974இல் இம்மேற்பார்வை சட்டமாயிற்று.

இலங்கையிலே, 1870இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியின் வழிவந்த கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீடம், 1981இல் அறநெறி மதிப்பாய்வுக் குழுவை நிறுவியது. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. துயருற்றோரை நாடி உதவியோடு ஆராய்ச்சியும் வந்தது. வீடும் உறவும் இழந்தவர், வினாத்தாளை நீட்டுபவர் உணவும் தருவார் என எண்ணிச் சம்மதித்தால், அது தன்விருப்பாகுமா? 2005இல் அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன என்னும் இலங்கை மருத்துவர் இருவர், பேரலைக்குப் பிந்திய ஆராய்ச்சியின் அறநெறிச் சிக்கல்களை லான்செற் இதழ்வாயிலாக உலகின்முன் வைத்தனர்.

கொழும்பிலே இவ்வினா மொழிவழியாகவும் எழும். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாழும், ஆங்கிலமறியாத் தாயொருத்தியிடம் ஆங்கிலப் படிவத்தில் ஒப்பம் பெறுதல் சம்மதமாகாது. அருங்கலைச்சொற்களால் நிறைந்த தமிழ்ப் படிவமும் அதனினும் சிறந்ததன்று. 'டொக்டர் சொன்னால் சரி' என்னும் மரியாதை, மறுக்கும் உரிமையையே மறைத்துவிடும். 'நீங்கள் மறுத்தாலும் உங்கள் சிகிச்சை குறையாது' என்பதை விளங்கும் தமிழில் எழுதுதல், மருத்துவம் பயில்வோர்க்கன்றித் தமிழ் பயில்வோர்க்கும் உரிய பணியாகும்.

விண்ணப்பத்தின் அறநெறிப் பகுதியை நிதி பெறுதற்கு நேர்ந்த இடையூறென்று கருதுவோர், அப்பகுதி எவர் துன்பத்தால் எழுதப்பட்டதென்பதை நினைவிற் கொள்வாராக.