வாக்கேயகாரர் என்னும் சொல்

கீர்த்தனம் இயற்றினோரை வாக்கேயகாரர் என்றல் இக்கால வழக்கு. அச்சொல்லைத் தேவார ஆசிரியர் மூவர்க்கும் இயைத்துக் கூறுவார் சிலர்; அது தகாதென மறுப்பார் சிலர். இருசாராரும் சொற்பொருளை நுணுகி நோக்கினாரல்லர் என்பது எம் கருத்து.

வாக்கு, கேயம், காரர் என்னும் மூன்றன் கூட்டம் இவ்வடசொல். தேவகிரியில் யாதவ மன்னன் சிங்கணன் காலத்து, 13-ஆம் நூற்றாண்டில், விளங்கிய சார்ங்கதேவர் தமது சங்கீத ரத்நாகரத்துள் சொல்லை மாது என்றும் இசையைத் தாது என்றும் குறியிட்டு, இரண்டனையும் ஒருங்கே ஆக்குவோனே வாக்கேயகாரன் என வரையறுத்தார். பிறர் வகுத்த இசைக்குச் சொற்பெய்வோன் அவர் நூலிற் குட்டிகாரன் எனப்படுவான். இவ்வரையறையைக் கண்டிப்பாகக் கொள்ளின் சீகாழி அருணாசலக் கவிராயர் நிலை யாதாம்? அவர்தம் இராமநாடகக் கீர்த்தனைகட்கு இசை வகுத்தோர் சட்டநாதபுரத்து மாணாக்கராகிய வேங்கடராமையரும் கோதண்டராமையரும் என்ப. எனினும், முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை என்னும் இருவரோடு அவரையும் வாக்கேயகாரராகவே உலகம் எண்ணுகின்றது. வழக்கு வலிது போலும்!

தேவாரத்திலோ மாதும் தாதும் உடன்பிறந்தன. ஆளுடைய பிள்ளையார் பாடியருளியவற்றைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிலிட்டு வாசித்துப் பின் வந்தார். தருமபுரத்துப் பதிகமோ யாழிலடங்காதாயிற்று எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். கருவியிலடங்காத இசை கருவியாளர் தந்ததாதல் யாங்ஙனம்? பிற்காலத்தே தில்லையில் ஏடுகள் வெளிப்பட்டபோது, எருக்கத்தம்புலியூரில் அப்பாணர் மரபில் வந்த பெண்ணொருவரைக் கொண்டு பண் வகுக்கப்பட்டமை திருமுறைகண்ட புராணத்தாற் பெறப்படும். அவ்வம்மையார் இழந்ததை மீட்டாரேயன்றிப் புதிது புனைந்தாரல்லர். இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய அமைத்த பிடாரர் 48 பேரும் ஓதுவோரே, ஆக்குவோரல்லர்.

ஆகவே, மாதும் தாதும் என்னும் இரண்டளவில் நோக்கின், கீர்த்தனம் செய்தாரினும் மூவர்க்கே அப்பெயர் முற்றப் பொருந்தும். மறுப்போர் இதனை ஒப்புதல் வேண்டும். இடர்ப்படுவது வாக்கிலும் கேயத்திலும் அன்று. காரர் என்னும் ஈற்றிலேயாம். ஆக்கினார் என்னாது அருளினார் என்பதே சைவர் மரபு. திருவெண்ணெய்நல்லூரில் நம்பியாரூரர்க்கு முதற்சொல் எடுத்துக் கொடுத்தவன் இறைவன். தம் உரை அவனுரையே எனத் திருஇலம்பையங்கோட்டூர்ப் பதிகத்தில் பிள்ளையார் தாமே அறிவித்தருளினார்.